அஷ்ரபின் ஆரம்ப அரசியல்: மேடைப் பேச்சா, சட்டப் படிப்பா?

அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்குச் சட்டம் படிக்கப் போயிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "எம்.எச்.எம். அஷ்ரப் ஆரம்பத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காகப் பேசியவர் என்கிறார்கள். பிறகு அவரே முஸ்லிம் காங்கிரஸின் தலைவர். இந்த மாற்றம் எப்படி வந்தது? அவருடைய எழுச்சிக்குச் சட்டப் படிப்பு உண்மையில் உதவியதா, இல்லை நல்ல பேச்சாளர் என்பதால் வந்த வெற்றியா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் நல்ல பேச்சாளர்தான், கவிதையும் எழுதியவர்தான். ஆனால் பேச்சால் மட்டும் வந்தவர் என்றால் 1977உடன் அவர் கதை முடிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு அவர் பேசாத பேச்சில்லை, ஆனால் அவர் ஆதரித்த முஸ்லிம் வேட்பாளர்கள் வெல்லவில்லை. அவரைப் பாராளுமன்றத்துக்குள் கொண்டுபோனதும், ஏழு எம்.பி.மாரை வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கத்தை நிமிர்த்தக்கூடிய ஆளாக்கியதும் வேறு விஷயம்: தேர்தல் சட்டத்தை அவர் வாசித்த விதம். கிழக்கில் அரசியல் என்பது தொகுதிக்குள் ஆள் பிடிப்பதிலிருந்து மாவட்டக் கணக்குக்கு மாறிவிட்டதை மற்றவர்களுக்கு முன் கண்டுபிடித்தவர் அவர். பதில் முழுவதும் இதைத்தான் விளக்கப் போகிறேன்.

அவர் பிறந்தது 1948 ஒக்டோபர் 23, சம்மாந்துறையில். வளர்ந்தது கல்முனையில். படித்த பள்ளிக்கூடங்களில் ஒன்று கல்முனை உவெஸ்லி, மெதடிஸ்த மிஷன் தொடங்கியது, தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கும் இடம். பிறகு கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்டக் கல்லூரி. அங்கே முதல் வகுப்பில் தேறினார். அந்தத் தலைமுறைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்கு முன் வழக்கறிஞர்களில் அப்புக்காத்து (advocate) வேறு, பிரக்கிராசி (proctor) வேறு. இரண்டு வரிசை, இரண்டு மரியாதை. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தபோது எல்லோரும் சட்டத்தரணிகள் என்றாகிவிட்டார்கள். கொழும்பில் பெரிய குடும்பத்துப் பின்னணி இல்லாத கிராமத்துப் பையனுக்கு இது சிறிய விஷயமில்லை.

கல்முனை நீதிமன்ற வட்டாரத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வரும் வழக்குகளில் பெரும்பங்கு காணி. வயல் எல்லை, பெர்மிட் காணி, கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தில் யாருக்கு எது போனது, பரம்பரையாகச் செய்த மேட்டுநிலத்தை அரச காணி என்று சொல்லி எடுத்தது. இந்த வழக்குகளில் வாழும் ஒரு சட்டத்தரணிக்கு அரசியல் தனியாக வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தல் ஓர் ஊரின் வயலை எப்படி மாற்றுகிறது என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்முனைக்கும் சட்டத்துக்கும் இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. உங்கள் பாடத்திட்டத்திலேயே வரும். 1965இல் கல்முனையின் எம்.பி.யாக இருந்த கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர், இலஞ்ச விசாரணை ஆணைக்குழுவின் முடிவை வைத்து இயற்றப்பட்ட குடியியல் தகுதியீனச் சட்டத்தால் ஆசனத்தை இழந்தார். பாராளுமன்றம் நீதிமன்றத்தின் வேலையைச் செய்ய முடியுமா என்று அவர் எதிர்த்து வழக்காட, அது அன்று இலங்கைக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரித்தானியாவின் பிரிவி கவுன்சில் வரை போய் 1967இல் தள்ளுபடியானது. அதிகாரப் பிரிவினை பற்றிப் படிக்கும் எந்த இலங்கை மாணவரும் தாண்டிப் போக முடியாத வழக்கு. அஷ்ரப் அப்போது பள்ளிப் பருவத்தை முடிக்கும் வயதில் இருந்தார். அது அவரை வக்கீலாக்கியது என்று கதை கட்ட நான் வரவில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு வரி மாறினால் கல்முனையின் ஆசனம் காலியாகலாம் என்பதை அந்த ஊர் ஏற்கனவே பார்த்திருந்தது.

சரி, கூட்டணி விஷயத்துக்கு வருவோம்.

ஒரு முஸ்லிம் இளைஞர் தமிழர் கட்சிக்காகப் பேசியது இன்றைக்கு வினோதமாகத் தெரியலாம். அன்றைக்கு அப்படியில்லை. கூட்டணியின் முதுகெலும்பாக இருந்த தமிழரசுக் கட்சி தொடக்கத்திலிருந்தே தன்னைத் தமிழ் பேசும் மக்களின் கட்சி என்றுதான் சொல்லிக்கொண்டது. கிழக்கு முஸ்லிமுக்கு வீட்டு மொழியும் பள்ளிக்கூட மொழியும் தமிழ். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் காரைதீவில் இருந்த எழுதுவினைஞரை எப்படித் தாக்கியதோ, நிந்தவூரில் இருந்தவரையும் அப்படித்தான் தாக்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில் கல்முனையில் காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் நின்றே வென்றார்கள். இருவரும் வென்றபின் அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள் என்பது வேறு கதை. முஸ்தபாவும் சட்டம் படித்தவர், 1960 தொடக்கத்தில் கொஞ்சக் காலம் நிதியமைச்சராகவும் இருந்தார். தமிழ் வாக்கில் வென்று கொழும்பு அமைச்சரவையில் உட்காருவது அன்று பலருக்குச் சாதாரண வழியாகப் பட்டது. தமிழர் பக்கத்தில் இன்றும் இருக்கும் கசப்பின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. அது நியாயமான கசப்புத்தான்.

1976 பெப்ரவரி 2ஆம் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். தேசிய அரசுப் பேரவையில், அதாவது அன்றைய பாராளுமன்றத்தில், அதற்காகக் குரல் எழுப்பியவர் தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வா. ஆளும் தரப்பில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் வாயைத் திறக்கவில்லை. பெரிய கட்சிகளின் உள்ளே இருக்கும் முஸ்லிம் பிரதிநிதி, இடுக்கண் வரும்போது யாருக்குப் பதில் சொல்வார் என்ற கேள்வி அன்றைய படித்த முஸ்லிம் இளைஞர்களிடம் அழுத்தமாக எழுந்தது அந்தச் சம்பவத்தால்தான். முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி என்ற அமைப்பு உருவானது இந்தப் பின்னணியில். அதை உருவாக்கியவர்களில் அஷ்ரபும் ஒருவர். 1977 தேர்தலுக்கு அந்த முன்னணி கூட்டணியோடு உடன்பாடு செய்தது, முஸ்லிம் வேட்பாளர்கள் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள்.

அப்போது அவருக்கு 28 வயது. தான் வேட்பாளராக நிற்கவில்லை, மற்றவர்களுக்காகப் பேசினார். கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தைச் சுட்டி, தமிழீழத்தை அண்ணன் அமிர்தலிங்கம் பெற்றுத் தராவிட்டால் தம்பி அஷ்ரப் பெற்றுத் தருவான் என்று அந்த மேடைகளில் அவர் சொன்னதாக இன்றுவரை எடுத்துக்காட்டுகிறார்கள். தமிழர்கள் "அப்படிப் பேசியவர்தானே" என்று சொல்லவும், முஸ்லிம்களில் அவருடைய எதிராளிகள் அவரைக் குத்தவும், இரண்டுக்கும் அந்த ஒரு பேச்சு பயன்படுகிறது. நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. 28 வயதில், தேர்தல் சூட்டில், கைதட்டும் கூட்டத்துக்கு முன்னால் பேசியது. அதைவிட முக்கியமானது வாக்கு எண்ணி முடிந்தபின் கிடைத்த பாடம்.

பெறுபேறு இதுதான்: நாடு முழுவதும் ஐக்கிய தேசியக் கட்சியின் (யூ.என்.பி.) அலை, 168 ஆசனத்தில் 140. கூட்டணிக்கு 18. கல்முனையில் யூ.என்.பி.யின் ஏ.ஆர். மன்சூர், சம்மாந்துறையில் யூ.என்.பி.யின் எம்.ஏ. அப்துல் மஜீத். உதயசூரியனில் நின்ற முஸ்லிம்கள் தோற்றார்கள். ஏன்? தொகுதி முறையில் ஒருவர் வெல்ல அந்தத் தொகுதியில் முதலாவதாக வரவேண்டும். மட்டக்களப்பிலிருந்து வரும் கரையோர வீதியைக் கண்முன் கொண்டுவாருங்கள். பெரியநீலாவணை தமிழ், மருதமுனை முஸ்லிம், பாண்டிருப்பு தமிழ், அப்புறம் கல்முனைப் பட்டினம், கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம், மாளிகைக்காடு தாண்டினால் காரைதீவு தமிழ், பிறகு நிந்தவூர் முஸ்லிம். சைக்கிளில் கடந்துவிடும் தூரத்தில் இத்தனை ஊர் மாறும். இந்த வீதியில் தமிழர் சின்னத்தில் நிற்கும் முஸ்லிமுக்குத் தமிழ் வாக்குக் கிடைக்கும், தன் ஊர் வாக்கு உடையும். தமிழ் வாக்கு மட்டும் முதலிடத்துக்குப் போதாது. ஆக, இரண்டு சமூகமும் சேர்ந்து வென்றால் நல்லது என்ற எண்ணம் சரியாக இருந்தாலும், அந்தத் தேர்தல் முறைக்குள் அது வேலை செய்யாது.

கூட்டணியின் உள்ளேயும் நிலைமை குலைந்தது. இரண்டு உறுப்பினர்கள் கொண்ட பொத்துவில் தொகுதியில் இரண்டாவது உறுப்பினராகக் கூட்டணியில் வென்ற கனகரத்தினம் அதே ஆண்டின் இறுதியில் அரசாங்கத்துக்கு மாறினார், சில வாரங்களில் சுடப்பட்டார், பிறகு 1980இல் இறந்துபோனார். 1979இல் மட்டக்களப்பின் இராசதுரையும் யூ.என்.பி.க்குப் போனார். சொல்லின் செல்வர் என்று ஊரே கொண்டாடிய பேச்சாளர், 1956இலிருந்து தோற்காதவர். கிழக்கில் பேச்சால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் எங்கே அது நின்றுவிடும் என்பதற்கும் அவரைவிடப் பெரிய உதாரணம் இல்லை. கல்குடாவில் கே.டபிள்யூ. தேவநாயகம் இன்னொரு வகை: சட்டத்தரணி, யூ.என்.பி., 1977 அரசில் நீதியமைச்சர். பெரிய கட்சிக்குள் இருந்து உயரும் வழி. அஷ்ரபுக்கு முன்னால் இருந்த இரண்டு வழிகளும் இவை. இரண்டையும் அவர் எடுக்கவில்லை.

1978 அரசியலமைப்பு வந்ததும் விளையாட்டின் விதியே மாறிவிட்டது. தொகுதி போய், மாவட்டம் வந்தது. ஒரு கட்சிக்கு மாவட்டத்தில் எத்தனை வாக்கோ அதற்கேற்ப ஆசனம். அம்பாறை மாவட்டம் அப்போது எப்படி இருந்தது என்று 1981 குடிசனமதிப்பைப் பாருங்கள்: முஸ்லிம்கள் 41 வீதத்துக்கு மேல், சிங்களவர் 37 வீதத்துக்கு மேல், தமிழர் 20 வீதம். தொகுதி முறையில் சிதறிப்போகும் வாக்கு, மாவட்டமாகக் கூட்டினால் ஒரு தனிக் கட்சிக்குப் போதுமானது. முஸ்லிம் ஒருவர் வெல்ல இனித் தமிழ்க் கட்சியும் தேவையில்லை, கொழும்புக் கட்சியும் தேவையில்லை. இதை ஒரு கொள்கைப் பிரகடனமாகச் சொன்னால் பிரிவினைவாதம் மாதிரி ஒலிக்கும். ஆனால் வெறும் கணக்காகப் பார்த்தால், அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையே அப்படி ஒரு கட்சியை வரவழைத்தது என்று சொல்லலாம்.

1981இல் காத்தான்குடியில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியது. முதல் தலைவர் காத்தான்குடியின் அகமது லெப்பை. அஷ்ரப் அப்போது தலைவர் இல்லை, தொடங்கியவர்களில் ஒருவர். இந்த ஐந்து ஆண்டு இடைவெளியைப் பலர் தாண்டிப்போய்விடுவார்கள். முதல் சில ஆண்டுகள் அது மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து அமைப்பு, அவ்வளவுதான். பெரிய கூட்டமில்லை, பெரிய பணமில்லை. 1983 இனக்கலவரம் வந்தது, பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்ன ஆறாவது திருத்தம் வந்தது, கூட்டணி எம்.பி.மார் பாராளுமன்றத்தை விட்டு வெளியேறினார்கள். 1985 ஏப்ரலில் காரைதீவு, கல்முனைப் பக்கங்களில் தமிழ்–முஸ்லிம் மோதல் வெடித்தது. காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஒரே வாங்கில் படித்தவர்கள் ஒரே வீதியால் போகப் பயந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் அஷ்ரப் கல்முனையை விட்டுக் கொழும்பில் தங்கித் தொழில் செய்ய வேண்டியவரானார்.

ஊரைவிட்டுப் போனது அவருக்கு அரசியலில் நன்மையாக முடிந்தது என்பது என் கணிப்பு. கல்முனையில் இருந்திருந்தால் கல்முனைத் தலைவர். கொழும்பில் இருந்ததால் கண்டி, கொழும்பு, புத்தளம் முஸ்லிம்கள் எப்படி வாக்களிக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் ஆள் இல்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1986 நவம்பரில் கொழும்பில் நடந்த மாநாட்டில் கட்சியின் தலைமை அவர் கைக்கு வந்தது. வயது 38. 1988 பெப்ரவரியில் தேர்தல் ஆணையாளர் கட்சியை அங்கீகரித்தார், சின்னம் மரம்.

அங்கீகாரம் என்பதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தை எடுத்து, கட்சியை அங்கீகரிக்கும் பிரிவை வாசியுங்கள். ஒரு கட்சி உண்மையில் அரசியலில் இயங்கி வந்தது என்பதை ஆணையாளருக்குக் காட்ட வேண்டும். யாப்பு, நிருவாகிகள், கூட்டக் குறிப்புகள், இவை எல்லாம் கேட்பார்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் சுயேச்சைக் குழுவாக மாவட்டத்துக்கு ஒரு சின்னத்தோடு நிற்க வேண்டியதுதான். அம்பாறையில் ஒரு படம், மட்டக்களப்பில் வேறொரு படம். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கு எதைக் காட்டி வாக்குக் கேட்பது? மரம் என்ற ஒரே சின்னம் பொத்துவிலிலும் மூதூரிலும் மன்னாரிலும் இருந்ததுதான் அந்தக் கட்சிக்குப் பாதி பலம். அது கோப்பு வேலையால் வந்தது.

1987 ஜூலையில் இலங்கை–இந்திய ஒப்பந்தம். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணையும், பிறகு கிழக்கில் சர்வஜன வாக்கெடுப்பு என்றது. முஸ்லிம்களைக் கேட்காமல் செய்த இணைப்பு என்று அஷ்ரப் அதை எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் ஒரு மாற்றையும் வைத்தார். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை அடித்தளமாக வைத்து, வடகிழக்கில் ஒன்றோடொன்று தொடாமல் கிடக்கும் மற்ற முஸ்லிம் பகுதிகளையும் சேர்த்து ஒரு மாகாண சபை. நிலத்தொடர்பு இல்லாமல் எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் காட்டியது பாண்டிச்சேரி: காரைக்கால் ஒரு பக்கம், மாஹே ஒரு பக்கம், ஏனாம் ஒரு பக்கம், இருந்தும் ஒரே நிர்வாகம். இது நடக்கவில்லை, நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் கரையோர வீதியில் ஊருக்கு ஊர் நிர்வாகம் மாறினால் குளத்துத் தண்ணீரை யார் திறப்பது, வயல் யாருடைய அதிகாரத்துக்குள் என்பதெல்லாம் தனி வழக்காகும். ஆனால் கோரிக்கையை முன்மாதிரியோடு, உலகில் இருக்கும் ஒரு சட்ட ஏற்பாட்டைக் காட்டி வைப்பது வக்கீல் வேலை.

1988 நவம்பர் 19 அன்று வடக்கு–கிழக்கு மாகாண சபைத் தேர்தல். இணைப்பை எதிர்க்கும் கட்சி இணைந்த சபைக்குப் போட்டியிடுவதா என்று அவரைக் கேட்டார்கள். புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள், உயிருக்கே ஆபத்து. அவர் போட்டியிட வைத்தார். மொத்தம் 71 ஆசனத்தில் முஸ்லிம் காங்கிரஸுக்கு 17. தமிழ் இயக்கங்களான ஈ.பி.ஆர்.எல்.எப்.புக்கு 41, ஈ.என்.டி.எல்.எப்.புக்கு 12, யூ.என்.பி.க்கு 1. இதனால் இணைப்புக்குச் சம்மதம் தெரிவித்ததாக ஆகிவிட்டதே என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. அவருடைய கணக்கு வேறு: நீதிமன்றத்தில் ஆஜராகாதவனுக்கு எதிராகத் தீர்ப்பு தானாகவே போய்விடும், ஆட்சேபணையோடு ஆஜராவதே மேல். 17 பேர் சபைக்குள் எதிர்க்கட்சியாக உட்கார்ந்த பிறகு கிழக்கு முஸ்லிம்களின் சார்பில் பேச யார் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. சொல்லப்போனால் அந்த இணைப்பும் கடைசியில் ஒரு வழக்கால்தான் போனது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இனி வெட்டுப்புள்ளி. அவருடைய ஆரம்ப காலத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாவட்ட வாக்கில் எட்டில் ஒன்று, அதாவது 12.5 வீதம் எடுக்காத கட்சியின் வாக்குகள் கணக்கிலேயே வராது என்பது அப்போதைய விதி. 1988 மே மாதத்தின் 14ஆவது திருத்தமும் அதை அப்படியே வைத்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 19இல் ஜனாதிபதித் தேர்தல். யூ.என்.பி. வேட்பாளர் பிரேமதாசவுக்கு ஒவ்வொரு வாக்கும் வேண்டும், கடைசியில் அவர் எடுத்தது 50.43 வீதம்தான். அஷ்ரப் அவரிடம் ஆதரவுக்குக் கேட்ட விலை, வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைப்பது. அமைச்சுப் பதவி கேட்கவில்லை. 15ஆவது திருத்தம் டிசம்பர் 17இல் சான்றுப்படுத்தப்பட்டது, வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னால். 1977இல் தெரிவான அந்தப் பாராளுமன்றம் அதன் பிறகு கலைந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை யூ.என்.பி. கையில் இருந்த கடைசி நாட்களில் அதை வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் கொடுக்க விரும்பினாலும் கொடுக்க முடியாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்பனை மாவட்டம் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். செல்லுபடியான வாக்கு 200,000, ஆசனம் 6. முதற்கட்சி 88,000, இரண்டாவது 58,000, மூன்றாவது 30,000, நான்காவது 24,000. பழைய விதியில் வெட்டுப்புள்ளி 25,000. நான்காவது கட்சி ஆயிரம் வாக்கால் வெளியே, அதன் 24,000 வாக்கும் குப்பை. முதலாவதாக வந்தவருக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்ச 176,000ஐ ஐந்தால் பிரித்தால் 35,200. முதற்கட்சிக்கு இரண்டு, இரண்டாவதற்கு ஒன்று, மீதி இரண்டும் கூடிய எச்சத்துக்கு, அதாவது மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும். மொத்தம் 3, 2, 1, 0. புதிய விதியில் வெட்டுப்புள்ளி 10,000. எல்லோரும் உள்ளே. 200,000ஐ ஐந்தால் பிரித்தால் 40,000. அதே மாதிரிக் கணக்குப் போட்டால் 3, 1, 1, 1. முதற்கட்சி ஒன்றையும் இழக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இழந்தது இரண்டாவது கட்சி. வெல்லப்போகும் கட்சியின் தலைவரிடம் போய், உங்களுக்கு அதிகம் நட்டமில்லாத, எனக்கு உயிரான ஒன்றைத் தாருங்கள் என்று கேட்பது எவ்வளவு கெட்டித்தனம் என்பது இப்போது விளங்கும்.

இன்னொன்று. அம்பாறைக்கு இந்தத் திருத்தம் தேவையே இல்லை. 41 வீதம் முஸ்லிம்கள் இருக்கும் மாவட்டத்தில் 12.5ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. அவருடைய சொந்த ஆசனம் பழைய விதியிலும் வந்திருக்கும். மட்டக்களப்பில் முஸ்லிம்கள் நாலில் ஒரு பங்கு அளவில், யூ.என்.பி.யும் அதில் பிரித்தெடுக்கும், அங்கே இழுபறி. வன்னி, புத்தளம், கண்டி, கொழும்பில் பழைய விதி என்றால் தனித்து நிற்பதை மறந்துவிட வேண்டும். ஆக, அவர் பேரம் பேசியது கல்முனைக்காக அல்ல. கல்முனைக்காரர்களிடம் அதை மேடையில் விளக்கி வாக்கு வாங்கவும் முடியாது, யாருக்கும் புரியாது. அவருடைய எதிரிகள் அப்போதும் பிறகும் அவரைப் பேரம் பேசுபவர் என்றார்கள். பேரம்தான். ஆனால் வாங்கியது ஒரு ஆளுக்கான பதவியல்ல, எல்லாச் சிறு கட்சிக்குமான விதி. ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) உட்படப் பிற்காலத்தில் பலர் அந்தக் கதவால்தான் உள்ளே வந்தார்கள். 2020 தொடக்கத்தில் மறுபடி 12.5 ஆக்க ஒரு திருத்த யோசனை வர்த்தமானியில் வந்தபோது சிறு கட்சிகள் எல்லாம் பதறியதன் காரணமும் அதுதான்.

1989 பெப்ரவரி 15 பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸுக்கு 4 ஆசனம். திகாமடுல்லை, அதாவது அம்பாறைத் தேர்தல் மாவட்டத்திலிருந்து அஷ்ரப் பாராளுமன்றம் போனார், 40 வயதில். வந்த அடுத்த ஆண்டே 1990 ஓகஸ்ட்: காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை, ஏறாவூர்ப் படுகொலை, பிறகு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது. அந்தக் காலத்துப் பாராளுமன்ற உரைகளை ஹன்சார்ட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டில் தேடி வாசியுங்கள். பேச்சாளர் அஷ்ரபைப் பார்க்க விரும்பினால் அங்கே பார்க்கலாம். தேர்தல் கூட்டங்களில் அல்ல.

ஆரம்ப காலம் எங்கே முடிகிறது என்றால் என் கணக்கில் 1994 ஓகஸ்ட். சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, மலையகத்திலிருந்து ஒன்று. கூட்டிப் பாருங்கள்: 113. 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு வேண்டியது அதுவேதான், ஒன்று கூடவுமில்லை குறையவுமில்லை. அஷ்ரப் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சரானார். ஒலுவில் துறைமுகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதற்குப் பிறகு வந்த கதை.

புகழ்ந்து மட்டும் விட்டால் பதில் முழுமையாகாது. சட்டக் கணக்கில் கட்டிய கட்சிக்கு ஒரு பலவீனம் இருந்தது. கணக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். யாப்பு இருந்தது, உயர்பீடம் இருந்தது, ஆனால் முடிவு ஒருவருடையது. 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்காவில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போனதும் கட்சி பல துண்டானது, ஆளுக்கொரு சின்னம், ஒவ்வொரு அரசிலும் ஆளுக்கொரு அமைச்சு. பேரத்தைக் கற்றுக்கொண்டவர்கள் பேரத்தில் எதைக் கேட்பது என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. தமிழர்களோடான உறவு 1977இல் விட்ட இடத்தில் இருந்து மறுபடி தொடங்கப்படவுமில்லை. தமிழர்கள் தனியாகக் கேட்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை இன்றும் கிடப்பது அதற்குச் சாட்சி. இது அவர் ஒருவரின் குற்றமில்லை, ஆனால் தனித்து நிற்பதன் விலையில் இதுவும் சேர்த்தி.

தம்பி, அரசியல் எண்ணத்தோடு கேட்டீர்கள் போலத் தெரிகிறது. அப்படியானால் 14ஆவது, 15ஆவது திருத்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், மொத்தமாகச் சில பக்கம்தான். அதன் பின் உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தை எடுங்கள்: 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். அந்த முறையில் 2018இல் முதல் தேர்தல் நடந்தபோது, தனிச் சபை கேட்ட சாய்ந்தமருது மக்கள் சுயேச்சைக் குழுவாக நின்று கல்முனை மாநகர சபையில் பெரிய கட்சிகளைத் திணறடித்தார்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்து, ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் கிடந்ததும் அதே ஆண்டு மாற்றிய மாகாண சபைத் தேர்தல் சட்டம் எல்லை நிர்ணயத்தில் சிக்கியதால்தான். கல்முனையின் வட்டார எல்லை வரைபடத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.